லேசாகிப் போன பந்து

அத்தியாயம் பதினொன்று

"பெற்ற பெண்ணின் பந்திலேயே கை வைப்பாளா ஒருத்தி?" என்று போன வாரம் பொரிந்து தள்ளி எழுதியவர்களே, கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். கை வைத்துவிட்டாள். ஆனது ஆகிவிட்டது. இனி நடந்ததைப் பார்ப்போம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒன்றிரண்டு வார்த்தை. சுண்டுவின் அம்மா சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறவள். முன்னறைதான் அவளுடைய தையலறை. அப்பா லிப்ட் மெக்கானிக். சுண்டு பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். சின்ன வயதில் யாருடைய சுண்டுவிரலையாவது பிடித்துக்கொண்டே திரிந்ததால் வந்த பெயர், அம்மாவைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அவளை விடவில்லை.

அந்த அணிக்குக் கோச் வேறு யாருமல்ல, அப்பாவின் அக்கா. ஆட்டக் கூடத்தில் 'கோச்', வீட்டில் 'அத்தை'. மாற்றிக் கூப்பிட்டால் காது திருகப்படும்.

அத்தை இந்த வருஷம் பெண்களுக்குப் புதிதாக ஒரு பயிற்சி ஆரம்பித்தாள். பிளையோமெட்ரிக் என்று பெயர். வாய்க்குள் நுழையாததால் வீட்டில் எல்லாருக்கும் அது 'பிளையோ'. தோளுக்கும் மார்புக்கும் கைக்கும் வேகம் ஏற்றுகிற பயிற்சி. தண்டால் எடுக்கும்போது தரையை உந்தி, கைதட்டிவிட்டு, விழுவதற்குள் மறுபடி ஊன்ற வேண்டும். கனமான மெடிசின் பந்தை நெஞ்சிலிருந்து சுவரில் எறிந்து, அது திரும்பி வந்த வேகத்திலேயே மறுபடி எறிய வேண்டும்.

"பந்து கையில தங்கக் கூடாதுடி. சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி, பட்டதும் விட்டுடணும்," என்பாள் அத்தை.

பள்ளிக்கூடத்தில் பந்துகளை வைக்க இடமில்லை. அதனால் ஆளுக்கு ஒரு மெடிசின் பந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். வீட்டுப் பந்து யாருக்கு லேசாகத் தெரிகிறதோ அவள் வந்து சொல்லலாம். அடுத்த கனம் கிடைக்கும். பெண்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அத்தையின் நம்பிக்கை. அது வீண் போகவில்லை. எந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை.

சுண்டுவுக்குக் கை உருண்டது, தோள் விரிந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக அம்மா தைத்த சட்டை முழங்கைக்கு மேல் ஏறாமல் தையல் விட்டுக்கொண்டது. அதோடு போயிருந்தால் சரி. ஒருநாள் சோபாவுக்கு அளவு கொடுக்க வந்த பெண்மணி ஒருத்தி, வாசலில் முதுகைக் காட்டி நின்ற சுண்டுவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பையன் இருக்கான்னு சொல்லவே இல்லையே?" என்று கேட்டுவைத்தாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது.

அன்றைக்குத்தான் அம்மா வளைந்த ஊசியை எடுத்து, பந்தின் தையலை ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிரித்தாள். உள்ளே துணிக்கழிவும் நடுவில் ஒரு மணல் பையும் இருந்தன. கொஞ்சம் மணலைக் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் சோபாவுக்கு வெட்டிய ஃபோம் துண்டுகளைத் திணித்து, திரும்பவும் தைத்துவிட்டாள். முடிச்சு எங்கே என்று தேடினாலும் கிடைக்காத தையல், அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தத் தையல்தான். இப்படி அவ்வப்போது செய்துவந்தாள். பந்து கனம் குறைந்தால் கையும் பழையபடி மெலிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

இங்கேதான் போன வாரம் விட்டோம்.

*

சனிக்கிழமை காலை. வட்டார அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க ஒரு அம்மா வரப்போகிற நாள். சுண்டு விடியும்போதே எழுந்து, கையில்லாத ஜெர்சியை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தொட்டுப் பாருங்க!" என்று கையை மடக்கிக் காட்டினாள்.

அப்பா இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "அடேயப்பா! இனிமே லிப்ட் நடுவுல நின்னா நான் போக வேண்டாம். உன்னை அனுப்பிடறேன். கயிறைப் பிடிச்சு ஒரு இழு இழுத்துடு."

"கிண்டல் பண்ணாதீங்க. மெடிசின் பந்து பூ மாதிரி ஆயிடுச்சு, தெரியுமா? நான் எறிஞ்சா சுவரே அதிருது. ஆரம்பத்துல தூக்கவே முடியல. இப்போ வாரத்துக்கு வாரம் லேசாயிட்டே வருது!"

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்றது.

"கோச்சுகிட்ட சொல்லிட்டேன். 'நிஜமாவா?'ன்னாங்க. நிஜம்தான்னேன். இன்னைக்குத் தேர்வு அம்மா முன்னாடியே அடுத்த பந்து தரேன்னு சொல்லியிருக்காங்க. அணியிலேயே எனக்குத்தான் முதல்ல!"

"அடுத்த பந்துன்னா... ரொம்பக் கனமா?" என்றாள் அம்மா.

"இருக்கட்டுமே. எனக்கென்ன?"

அம்மா தட்டுகளைக் கீழே வைத்தாள். இதோ, இப்போதே சொல்லிவிடலாம். 'போகாதடி, பந்து லேசானது உன்னால் இல்லை' என்று ஒரு வாக்கியம் போதும். அப்பா சிரிப்பாரோ, கத்துவாரோ? நாத்தனார் என்ன நினைப்பாள்? ஊசியால் பந்தைத் திறந்தவள் என்று இந்த வீடே சொல்லிச் சொல்லிக் காட்டுமே!

சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"வெளியில போறப்போ இதைப் போட்டுக்கோ," என்று தான் தைத்து வைத்திருந்த முழுக்கைச் சட்டையை நீட்டினாள்.

"ஐயோ அம்மா! இந்தப் புழுக்கத்துலயா? ஆளை விடு!"

சுண்டு பறந்துவிட்டாள். சட்டை அம்மாவின் கையிலேயே தொங்கியது.

*

ஆட்டக் கூடத்தின் ஒரு பக்கம் பெற்றவர்களுக்கு பெஞ்சு போட்டிருந்தார்கள். அம்மா போய் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்றைக்குப் 'பையனா' என்று கேட்ட சோபாக்காரம்மாவேதான். அவளுடைய மகளும் இதே அணியில்தான். பெற்றோர் சங்கத்திலும் அந்த அம்மாதான் முன்னால் நிற்கிறவள்.

"சோபா எப்போ முடியும்?" என்றாள். பிறகு குனிந்து, "அங்க பாருங்க, உங்க பொண்ணுக்குத் தோளைப் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு இல்லை," என்று சிரித்தாள்.

அவள் திட்டினாளா, புகழ்ந்தாளா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. எப்படியானாலும் அவமானம்தான் என்று எடுத்துக்கொண்டு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தோள் மகளுடையது, மூடிக்கொண்டவள் அம்மா.

பெண்கள் ஓடினார்கள், எறிந்தார்கள், கைதட்டித் தண்டால் எடுத்தார்கள். சுண்டு தட்டிய சத்தம் கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. தேர்வு அம்மா தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். அப்பா வேலைக்கு நடுவில் ஓடி வந்து, கிரீஸ் கறையோடு கதவருகே நின்று விசிலடித்தார்.

அத்தை தன் வண்டியிலிருந்து புதுப் பந்தைக் கொண்டுவந்தாள். கறுப்பு நிறம். தரையில் வைத்தபோது 'தொம்' என்றது. அம்மாவின் நெஞ்சிலும் அதே 'தொம்'.

"இது வீட்டுப் பந்துக்கு அடுத்த கனம்," என்று அத்தை தேர்வு அம்மாவிடம் விளக்கினாள். "மல்லாந்து படுத்துக்கணும். நான் மேல இருந்து விடுவேன். நெஞ்சுக்கு மேல பிடிச்சு, பிடிச்ச வேகத்துலயே திருப்பி மேல தள்ளணும். வீட்டுப் பந்து நல்லா லேசானவங்களுக்கு மட்டும்தான் இதைத் தருவேன்."

சுண்டு ரப்பர் விரிப்பில் படுத்தாள். அத்தை அவளருகில் முட்டி போட்டு, "முதல்ல தாழ்வா விடறேன்," என்றாள்.

"வேண்டாம் கோச். பெஞ்சு மேல நின்னே விடுங்க."

"அவசரப்படாதே."

"என்னால முடியும் கோச். வீட்டுப் பந்து எனக்கு விளையாட்டு மாதிரி. சத்தியமா."

அத்தை தயங்கினாள். தேர்வு அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், தம்பி மகள் சத்தியம் செய்கிறாள். தயக்கத்தை விழுங்கிவிட்டு பெஞ்சில் ஏறினாள்.

அம்மா எழுந்துவிட்டாள். "அண்ணி..." என்று வாயும் திறந்தது. ஆனால் அந்தச் சத்தம் பக்கத்து பெஞ்சைக்கூட எட்டவில்லை. சோபாக்காரம்மா மட்டும் திரும்பிப் பார்த்து, "என்ன, பயமா?" என்றாள்.

"ஒண்ணுமில்லை," என்று சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டாள், சார். அதைத்தான் இன்றைக்கும் அவளால் தாங்க முடியவில்லை.

பந்து விழுந்தது.

சுண்டுவின் கைகள் சரியாகத்தான் போய்ப் பிடித்தன. பிடித்த உடனே முழங்கை மடங்கிற்று. வலது மணிக்கட்டு பின்பக்கம் வளைந்தது. பந்து முகத்தில் இறங்கி, உருண்டு, தரையில் போய் நின்றது.

சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்து ரத்தம் ஜெர்சியில் சொட்டியது. அவள் அழவில்லை. சுற்றிலும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு இடது கையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

கிளினிக்கில் டாக்டர் பொறுமையான மனுஷி. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு நன்றாகப் பிசகியிருக்கிறது, சில வாரங்களுக்குப் பந்தைத் தொடவே கூடாது என்றாள். மேலுதடு கிழிந்திருந்தது. அதற்குத் தையல்.

அம்மா பக்கத்தில் நின்று மகளின் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எடுத்த ஊசி வளைந்திருந்தது. தன் மேசையில் கிடக்கிற அதே மாதிரி ஊசி, கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். அது உதட்டில் இறங்கியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை தோல், எத்தனை ரெக்சின் தைத்திருப்பாள்! இந்தத் தையலைப் பார்க்க முடியவில்லை.

வெளியே அப்பாவின் சத்தம் கேட்டது. வெறும் சத்தமா? கட்டிடமே கேட்கிற சத்தம்.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காக்கா? பச்சைப் புள்ளை முகத்துல பாறாங்கல்லைத் தூக்கிப் போட்டிருக்கே! யாரோ ஒரு பொம்பளை முன்னாடி பேர் வாங்கறதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?"

அம்மா கதவருகே வந்து நின்றாள். வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுக்கிற அத்தை, அன்றைக்குத் தலை நிமிரவில்லை. கழுத்தில் விசில் தொங்கியது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றாள்.

"என் தப்புதான்டா," என்றாள். "நான் அந்த வீட்டுப் பந்தை ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு எறியச் சொல்லிப் பாத்திருக்கணும். பாக்காம நம்பினேன். இவ்வளவு வருஷம் சொல்லிக் கொடுத்து, ஒரு பொண்ணோட பலம் எவ்வளவுன்னு தெரியாம போச்சே எனக்கு."

உள்ளேயிருந்து சுண்டு வந்தாள். மணிக்கட்டில் கட்டு, உதட்டில் பஞ்சு. வாயைச் சரியாகத் திறக்க முடியாமல், "அத்தையைத் திட்டாதீங்கப்பா. நான்தான் பீத்திக்கிட்டேன். நான்தான் லேசாயிடுச்சுன்னு சொன்னேன்," என்றாள். சொல்லும்போதே உடைந்துவிட்டாள்.

மகளுக்கு, பொய்க்காரி ஆகிவிட்டோமே என்ற அவமானம். அத்தைக்கு, தொழிலில் தவறிவிட்டோமே என்ற அவமானம். அப்பாவுக்கும் அக்காவை நாலு பேர் முன்னால் திட்டிவிட்ட அவமானம், திட்டி முடித்த பிறகு வந்து சேர்ந்தது. மூன்று பேரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்கள். உண்மையான சொந்தக்காரி சுவரோரம் நின்று மகளின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அவமானம் அப்படித்தான். முதல் தடவை சொல்லாமல் விட்டால் இரண்டாம் தடவை வாய் இன்னும் இறுகிப்போகிறது.

அத்தையின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தலைமையாசிரியை. பெத்தவங்க எல்லாம் பயந்து போயிட்டாங்களாம். வீட்டுக்குக் கொடுத்த பந்தையெல்லாம் வாங்கி ஒப்படைச்சுடணுமாம். திங்கட்கிழமை பெத்தவங்களைக் கூட்டி, இனிமே நான் பொண்ணுங்களுக்குச் சொல்லித் தரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

"சாயந்திரம் வரேன்மா," என்று அத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "சுண்டு பந்தை எடுத்து வெச்சிரு. கையோட வாங்கிட்டுப் போயிடறேன்."

"சரி அண்ணி," என்றாள் அம்மா.

அன்று காலையிலிருந்து அவள் தெளிவாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

*

சாயங்காலம். சுண்டு உள்ளறையில் படுத்திருந்தாள். அப்பா மாத்திரை வாங்கப் போயிருந்தார். தையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பந்தை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

அத்தை இதைக் கையில் வாங்கினால் போதும், வாங்கிய நொடியிலேயே கனம் தெரிந்துவிடும். பந்தோடு பழகின கை அது, ஏமாற்ற முடியாது.

மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். எடுத்த மணலை அம்மா அதில்தான் போட்டு வைத்திருந்தாள். என்றைக்காவது திருப்பிப் போட்டுவிடலாம் என்று அப்போது ஒரு நினைப்பு. அந்த நாள் இன்றைக்குத்தான் வந்தது, அதுவும் இந்த லட்சணத்தில்.

தையலைப் பிரித்தாள். நீல ஃபோம் துண்டுகள் பிதுங்கி வந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். மடித்த அட்டையால் மணலை அள்ளி உள்ளே கொட்ட ஆரம்பித்தாள். அவசரத்தில் பாதி மேசைமேல் சிந்தியது. சேலைத் தலைப்பால் கூட்டி அள்ளினாள். சீக்கிரம், சீக்கிரம்! மணல் உள்ளே போய்விட்டால் நாத்தனார் தப்புக்காரி, மகள் வாயாடி, தன் பேர் எங்கும் வராது.

அப்படி நினைத்ததும் தனக்கே சீ என்றிருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"என்னம்மா பண்றே?"

கதவு திறந்திருந்தது. சுண்டு நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா அட்டையை மறைக்கப் பார்த்தாள். மணலை எங்கே மறைப்பது? கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் மாட்டியிருக்க முடியாது.

சுண்டு மெதுவாக மேசையருகே வந்தாள். ஃபோம் துண்டு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். டின்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து இந்த மேசையடியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் அவள். புரிய வெகு நேரம் ஆகவில்லை.

கத்துவாள் என்று அம்மா காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"அப்போ... எனக்குப் பலம் வரவே இல்லையாம்மா?"

"வந்துச்சுடி... கண்ணு, வந்துச்சு. வராம இருக்குமா?"

"எவ்வளவு?"

எவ்வளவு மகளின் பலம், எவ்வளவு தன் ஃபோம் என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வாரத்துக்கு வாரம் "லேசாயிட்டே வருதும்மா!" என்று குழந்தை ஓடி ஓடி வந்து சொன்னதெல்லாம் அம்மாவின் காதில் திரும்ப ஒலித்தது. ஒவ்வொரு தடவையும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் இவள்தானே.

வாசலில் மணி அடித்தது. அத்தையின் குரலும் அப்பாவின் குரலும் சேர்ந்து கேட்டன. வழியில் சந்தித்திருக்க வேண்டும்.

சுண்டு வாசலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கட்டுப்போடாத இடது கையால் மேசையிலிருந்த வளைந்த ஊசியை எடுத்து நீட்டினாள்.

"தைச்சுடு. சீக்கிரம்."

அம்மா வாங்கிக்கொண்டாள். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு நூல் கோக்கிறவள் அவள். அன்றைக்கு நூல் ஊசியின் காதைத் தொடவே மாட்டேன் என்றது. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி முயன்றாள். அதற்குள் அத்தை தையலறை வாசலில் நின்றாள், பின்னால் மாத்திரைப் பொட்டலத்தோடு அப்பா.

அத்தை உள்ளே வந்து வாய் பிளந்து கிடந்த பந்தை இரண்டு கையாலும் தூக்கினாள். லேசாக மேலே போட்டுப் பிடித்தாள். நீல ஃபோம் துண்டு ஒன்று கீழே விழுந்தது.

அத்தையின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. சுண்டுவின் பக்கம் திரும்பினாள்.

"நீயா பண்ணே?"

"ஆமா கோச்," என்றாள் சுண்டு. வீட்டுக்குள் நின்றுகொண்டு 'அத்தை' என்று சொல்லாமல் 'கோச்' என்றாள். "கனமா இருந்துச்சு. அதான்."

அத்தை பந்தை இறக்கிப் பிடித்தாள். "உன்னைப் போய் நம்பினேனே," என்றாள், மிக மெதுவாக.

அந்த ஒரு வாக்கியம் மகளின் முகத்தில் போய் விழுந்ததை அம்மா பார்த்தாள். உதட்டுத் தையல் இழுத்து வலிக்க, சுண்டு வாயை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். காலையில் அந்தக் கறுப்புப் பந்து விழுந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவளால் உட்கார முடியவில்லை.

"அவ இல்லை அண்ணி. நான்தான்."

"என்ன, நான்தான்?" என்றார் அப்பா.

"நான்தான் மணலை எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமா. இவளுக்குத் தெரியாது. லேசாயிட்டே வருதுன்னு இவ சொன்னது நிஜம்தான். இவ பொய் சொல்லலை, நீங்களும் தப்பாச் சொல்லித் தரலை."

அப்பா பாதி தைத்துக் கிடந்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். கிளினிக்கில் தான் போட்ட கூச்சல் அவர் காதிலேயே திரும்ப வந்து விழுந்திருக்க வேண்டும். "அக்கா..." என்றார்.

"நீ அப்புறம் பேசு," என்றாள் அத்தை. கண் அம்மாவை விட்டு நகரவில்லை. "எதுக்கு?"

அம்மா மகளைப் பார்த்தாள். "நீ உள்ள போ கண்ணு."

"அவ எதுக்குப் போகணும்? அடிபட்டது அவளுக்கு. அவளும் கேக்கட்டும்."

தப்பைச் சொல்வது சுலபம், காரணத்தைச் சொல்வதுதான் கஷ்டம் என்று அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கை தடிச்சுப் போச்சு அண்ணி. தோளெல்லாம் பெருத்து... பாக்கறவங்க பையனான்னு கேக்கறாங்க. கல்யாணத்துக்குத் தைச்ச சட்டை கையில ஏறலை. இவளைக் கூட்டிக்கிட்டு வெளியில போக எனக்கு... எனக்கு வெட்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்து நிமிர்ந்தாள். சுண்டு தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மடக்கி மடக்கிக் காட்டிய அதே கை. யாரோ வேறு ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

அத்தை திட்டியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அத்தை பந்தை மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போகப் போறதில்லை. திங்கட்கிழமை நீயே கொண்டு வா. இப்படியே, திறந்தபடியே. மணல் டின்னையும் எடுத்துக்கோ. இப்போ எங்ககிட்ட சொன்னியே, அதை அங்க எல்லார் முன்னாடியும் சொல்லு. ஏன் பண்ணேங்கறதையும் சேத்து."

"எல்லார் முன்னாடியுமா அண்ணி?"

"உன்கிட்ட பையனான்னு கேட்டவங்களும் அங்க உக்காந்திருக்கலாம். சொல்லுவியா?"

அம்மா மணல் டின்னைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அத்தை காத்திருந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுண்டு வெளியே வந்தாள்.

காலையில் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போன முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் கழுத்துப் பொத்தான் வரை மூடியிருந்தாள். சட்டையின் வலது கை மட்டும் கட்டைத் தாண்டி இறங்க முடியாமல் நின்றிருந்தது. அதையும் இடது கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

தொழில் பழக்கம், அம்மாவின் கண் அந்த நிலைமையிலும் தோள் தையலுக்குத்தான் போனது. எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொய்யவில்லை. கை முழுவதும் மறைந்திருந்தது.

"அளவு சரியா இருக்கும்மா," என்றாள் சுண்டு.